கூடையைத் தொறந்துறாத, பேராண்டி

நேத்து ராத்திரி மொட்டை மாடியில செல்போனைச் சுவத்துல சாத்தி வச்சு, அதுக்கு முன்னாடி நின்னு "நடுவர் அவர்களே!"ன்னு நீ கத்துனதைக் கீழ கட்டில்ல படுத்துக்கிட்டுக் கேட்டேன். நம்ம நாயும் கேட்டுச்சு. மொதல்ல ரெண்டு தடவை பதிலுக்குக் கொரைச்சுச்சு. அப்புறம் எந்திரிச்சுச் சோம்பல் முறிச்சுட்டு மேலத்தெருப் பக்கம் போயிருச்சு. உன் பேச்சைப் பத்தி ஒளிவுமறைவு இல்லாம கருத்துச் சொன்னது அது ஒண்ணுதான். செல்போன் சொல்லுமா? சார்ஜ் இருக்குற வரைக்கும் கேட்டுக்கிட்டே நிக்கும். பாவம், அதுக்குக் காலு இல்ல.

வைகாசித் திருவிழாவுல பட்டிமன்றம், அதுல மூணாவது ஆளா உன் பேரை நோட்டீசுல போடப்போறாய்ங்களாம். சந்தோசந்தான். குடும்பத்து நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியான்னு தலைப்பு. இதுக்குத் தீர்ப்பு என்னன்னு நடுவருக்கும் தெரியும், நாற்காலி வாடகைக்கு விடுறவனுக்கும் தெரியும். அதனால நீ என்ன சொல்லப்போறங்கிறதுல ஒருத்தனுக்கும் அக்கறை கெடையாது. எப்படிச் சொல்லப்போறங்கிறதுதான் சோலியே. அதுக்குத்தான் கண்ணாடியையும் செல்போனையும் கட்டிக்கிட்டு அழுவுற.

"பேச்சைப் பத்தி உங்களுக்கு என்ன தாத்தா தெரியும்"னு கேப்ப. நியாயமான கேள்வி. அய்யலூர் சந்தையில ஆட்டுத் தரகு பாத்தவன் நான். துண்டைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ள விரலைப் பிடிச்சே வெலையை முடிக்கிற தொழிலு. வாயைத் தொறந்தா தரகு போச்சு. அப்படி வாயை மூடிக்கிட்டு நின்ன காலம் பூராம் இந்தக் காது ரெண்டும் சும்மாவா இருந்துச்சு? பேசுனவன் சொகமாப் பேசிட்டுப் போயிருவான். கால் கடுக்க நின்னு கேட்டவன்கிட்ட வந்து கேளு, எது பேச்சு, எது இரைச்சல்னு சொல்லுவான்.

வியாழக்கிழமை சந்தை. விடியிறதுக்கு முந்தியே ஆடு எறங்கிரும். வெயில் ஏறி யாவாரம் கொஞ்சம் அடங்குற நேரத்துல ஓரமா ஒருத்தரு கூடையோட வந்து உக்காருவாரு. தைலமும் லேகியமும் விக்கிறவரு. மைக் கெடையாது, மேடை கெடையாது, தலைமை கெடையாது, முன்னிலை கெடையாது. கேக்குறவன் கையில ஆட்டுக்கயிறு, இடுப்புல ஆடு வித்த பணம், அங்கிட்டு பஸ்ஸு வேற ஹாரன் அடிக்குது. அவனை நிக்க வைக்கணும். நின்னாத்தான் அன்னைக்கு அவரு வீட்டுல உலை.

என்ன செய்வாரு தெரியுமா? ஒரு குச்சியை எடுத்து மண்ணுல பெருசா வட்டம் போடுவாரு. வாயே தொறக்க மாட்டாரு. அவரு கோடு போடுறதைப் பாக்கவே நாலு சின்னப் பயக வந்துருவாய்ங்க. நாலு பேரு நின்னா அம்பது பேரு நிப்பாய்ங்க, நம்ம சனத்தைப் பத்தி உனக்குத் தெரியாததா. அப்புறம் கூடை மேல ரெண்டு தட்டுத் தட்டி, இன்னும் செத்த நேரத்துல கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்பாரு. அதையும் கத்த மாட்டாரு. கொரலை எறக்குவாரு. பின்னாடி நிக்கிறவன் "என்ன சொல்றாப்ல?"ன்னு முன்னாடி வருவான். வட்டம் சுருங்கும். கீரி அங்கனயே முளைக்குச்சியில கட்டிக் கெடக்கும், அது பாட்டுக்குத் தூங்கும். பாம்பு கூடைக்குள்ள. மூடியில கை வைப்பாரு, லேசா நகத்துவாரு, நமக்கெல்லாம் மூச்சு நின்னு போகும். அந்த எடத்துல நிறுத்திட்டு நம்ம வீட்டு மூட்டுவலியைப் பத்தி ஆரம்பிச்சுருவாரு பாரு! ஒருத்தன் நகர மாட்டான். தைலம் பூராம் வித்து முடிச்சுட்டு, கூடையைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு அடுத்த சந்தைக்குப் போயிருவாரு. அந்தச் சண்டையை நான் ஒரு நாளும் பாத்ததில்ல. எங்கப்பனும் பாத்ததில்ல.

மறு வாரம் அதே கூடை, அதே கீரி, அதே பேச்சு. நாங்களும் அதே எடத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நிப்போம். ஆனா தரகன் காதுக்குத் தெரியும், அது அதே பேச்சு இல்ல. போன வாரம் எந்த எடத்துல நாலு பேரு நழுவுனாய்ங்களோ, அந்த எடம் இந்த வாரம் காணாமப் போயிருக்கும். எந்த எடத்துல ஒரு கெழவி பொக்கை வாயில சிரிச்சுச்சோ, அந்த எடத்துல ரெண்டு வார்த்தை கூடியிருக்கும். சந்தைக்குச் சந்தை வெட்டி ஒட்டுன பேச்சு அது. நீ கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனை தடவை சொன்னாலும் அத்தனை தடவையும் அதே தப்பைத்தான் செய்வ. போகப் போக அதை ரொம்பச் சரளமாச் செய்வ, அதான் வித்தியாசம். கண்ணாடிக்குள்ள நிக்கிறவனுக்குப் பிடிக்க வேண்டிய பஸ்ஸு இல்லையே.

"ஒத்திகை வேணும்ல?"ங்குற. நம்ம பக்கத்துத் திருவிழாவுல வள்ளி திருமணம் போடுறாய்ங்களே, ஸ்பெஷல் நாடகம், அதுக்கு யாருடா ஒத்திகை பாத்தது? ராஜபார்ட்டு ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்டு ஒரு ஊரு, பபூன் இன்னொரு ஊரு, ஆர்மோனியப் பெட்டி எங்கிட்டோ இருந்து வரும். ஆளாளுக்குத் தனித்தனியா அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு, சில சமயம் மேடையிலதான் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் மொதல்ல பாப்பாக. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுன நாடகம். அவரு காலமாகி, 1922-ல இருந்து கணக்குப் போட்டா, நூறு வருசம் தாண்டிருச்சு. நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ற கட்டத்துக்கு வந்துட்டா, எழுதி வச்சது கொஞ்சம், அங்கனயே பொறக்குறது மிச்சம். அந்தம்மா மடக்கிக் கேக்கும், இவரு முழிக்காம பதில் சொல்லணும். முழிச்சா முன்வரிசையில உக்காந்திருக்கிற நம்ம ஆளுக விசிலடிச்சே கொன்னுருவாய்ங்க. ஒத்திகை இல்லாம எப்படிச் சமாளிக்கிறாக? அந்தம்மா நேத்து நத்தத்துல வள்ளி, முந்தாநேத்து மணப்பாறையில வள்ளி. அதுதான் ஒத்திகை. டிக்கெட் எடுத்துக்கிட்டுப் பஸ்ஸுல ஊர் ஊராப் போயிப் பாத்த ஒத்திகை.

நீ வத்தலக்குண்டுல எறங்கிப் புரோட்டா திங்கிறதுக்குன்னே கொடைக்கானல் பஸ்ஸுல போற ஆளு. அந்த ஊர்ல 1884-ல பொறந்தவருதான் சுப்பிரமணிய சிவா. படத்துல தாடியும் தலைப்பாகையுமா உக்காந்திருப்பாரே, அவரு. திருவனந்தபுரத்துல இருந்தப்ப தர்ம பரிபாலன சமாஜம்னு ஒண்ணை ஆரம்பிச்சு, எளவட்டங்களைக் கூட்டி வச்சு தேசத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. 1907-ல திருவிதாங்கூர் சமஸ்தானம் "இங்கன இருக்கக் கூடாது, கெளம்பு"ன்னு வெளியேத்திருச்சு. நீயா இருந்தா என்ன செய்வ? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்குவ, உங்கம்மா சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளிய வச்சிட்டுப் போகும். அவரு நடந்தாரு. ஊர் ஊரா நடந்து, போற ஊர்ல எல்லாம் நின்னு பேசிக்கிட்டே தூத்துக்குடி போய்ச் சேந்தாரு. அங்க வ.உ.சி. அவரைத் தன் வீட்டுல தங்க வச்சாரு. 1908 பிப்ரவரி, மார்ச்சுல ரெண்டு பேரும் சாயங்காலமானா கூட்டம் போட்டுப் பேசுனாக. கோரல் மில்லுத் தொழிலாளிக பிப்ரவரி 27-ஆம் தேதி வேலைநிறுத்தம் பண்ணி, ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல நின்னு கூலி உயர்வு வாங்குனதுல அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு. அப்ப சிவாவுக்கு வயசு 23. உன்னைவிட ஒண்ணு கம்மி.

அந்தக் கூட்டத்துல யாரு உன்னிப்பாக் கேட்டாங்கிறே? போலீஸ்காரருதான். குறிப்பு எடுத்து வச்சுக்கிட்டாய்ங்க. மார்ச் 12-ல பிடிச்சு உள்ள போட்டு, அந்தப் பேச்சையே சாட்சியா வச்சு, ஜூலை 7-ஆம் தேதி தீர்ப்பு. சிவாவுக்குப் பத்து வருசத் தண்டனை. அப்பீல்ல அது ஆறு வருசமாக் கொறைஞ்சுச்சு. பேசுனதுக்குடா! உன் பேச்சுக்குக் கூடிப்போனா ஒரு பொன்னாடை, அதையும் அடுத்த ஊரு பேச்சாளருக்குப் போத்துறதுக்கு மடிச்சு வச்சுக்குவாய்ங்க. அவரு 1912-ல வெளிய வந்தப்ப உடம்புல தொழுநோய். ரயில்ல ஏறக் கூடாதுன்னுட்டாய்ங்க. மறுபடியும் நடந்தாரு, மறுபடியும் பேசுனாரு. 1925 ஜூலையில தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில போய்ச் சேர்ற வரைக்கும் அந்த மனுசன் ஓயல. இதைச் சொல்றப்ப எனக்கே தொண்டை அடைக்குது, நீ போயி அந்தச் சொம்புத் தண்ணியை எடு.

ம். அப்ப, மொத தடவை நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா என்ன செய்யிறதுங்குற. ஒட்டிக்கும். ஒட்டாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், நான் இப்ப தரகு பாக்கல. காந்தி சுயசரிதையிலயே எழுதியிருக்காரு. பாரிஸ்டர் பட்டம் வாங்கிட்டு வந்து பம்பாய்ச் சின்ன கோர்ட்டுல மொத கேசு. சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ண எந்திரிச்சவருக்குத் தலை சுத்தி, ஒரு கேள்வியும் வரல. உக்காந்துட்டாரு. வாங்குன முப்பது ரூவா பீஸைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாரு. அப்புறம் 1893-ல தென்னாப்பிரிக்காவுக்குப் போயி, பிரிட்டோரியாவுல இந்திய யாவாரிகளைக் கூட்டி வச்சுப் பேசுனாரு. அதுதான் தன் வாழ்க்கையில மொத மேடைப்பேச்சுன்னு சொல்லலாம்னு அவரே எழுதுறாரு. என்ன பேசுனாரு தெரியுமா? யாவாரத்துல உண்மையா இருக்கணும்னு. யாவாரிககிட்டயே! நான் அந்தப் பேச்சை அய்யலூர் சந்தையில பேசியிருந்தா என்னையும் ஆட்டோட சேத்து வித்திருப்பாய்ங்க. ஆனா அவரு அதோட விடல. அந்தக் கூட்டத்தை அடிக்கடி கூட்டிக்கிட்டே இருந்தாரு. அதே ஆளுக, அதே பயம், திரும்பத் திரும்ப. சின்னாளபட்டி தாண்டுனா காந்திகிராமம், அவரு பேருல பல்கலைக்கழகமே நடக்குது. ஒரு சாட்சிகிட்ட ஒரு கேள்வி கேக்க முடியாம உக்காந்தவரு பேருல.

உன் சேக்காளி பெங்களூருல பணம் கட்டி ஒரு கிளப்புல பேச்சுப் பழகுறானாமே, டோஸ்ட்மாஸ்டர்ஸ். விசாரிச்சேன். அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல, 1924-ல ரால்ஃப் ஸ்மெட்லின்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. அங்க ஒருத்தருக்கு வேலையே, பேசுறவன் எத்தனை தடவை "ஆ", "ம்" போட்டான்னு எண்ணுறதாம். இன்னொருத்தர் பச்சை, மஞ்ச, சிவப்புன்னு காட்டுவாராம், அஞ்சு நிமிசத்துல இருந்து ஏழு நிமிசத்துக்குள்ள முடிக்கணும். நல்ல ஏற்பாடு. நம்ம டீக்கடையில இதையெல்லாம் காசு வாங்காமச் செய்யிறோம், மரியாதையும் குடுக்குறதில்ல, அம்புட்டுதான். உன் சேக்காளி எதுல தேறுவான்னா, பணம் கட்டுனதுனால இல்ல. வாராவாரம் போறான் பாரு, அதுல. போன வாரம் "ஆ" போட்டதை எண்ணுனவன் மொகத்துலயே இந்த வாரமும் முழிக்கிறான் பாரு, அதுல.

ஒரே பேச்சைத் திரும்பப் பேசுனா சனம் சலிச்சுக்குமேன்னு கவலைப்படாத. நம்ம ஊரு பேரை முன்னாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் இருக்காரே, திண்டுக்கல் ஐ. லியோனி. பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவரு. பழைய பாட்டா புதுப் பாட்டான்னு எத்தனை ஊர்ல, எத்தனை நாட்டுல அவரு பட்டிமன்றம் நடத்தியிருப்பாரு! முடிவு என்னன்னு தெரிஞ்சேதான் சனம் வந்து உக்காந்துச்சு. 2021-ல பாடநூல் கழகத்துக்கே தலைவராப் போட்டாய்ங்க. அவரு அரசியல் எனக்கு வேணாம், உனக்கும் வேணாம். ஒரு வேடிக்கையைச் சொல்லிட்டு, சிரிப்பு அடங்குறதுக்குச் சரியா எத்தனை மூச்சு விட்டு அடுத்ததை ஆரம்பிக்கிறாருன்னு மட்டும் பாரு. அது ஒரே நாள்ல வர்ற சங்கதியா? நாகல்நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறையில பெருசுக சாவியை அரத்துல ராவும், பூட்டுல விட்டுப் பாக்கும், திருகாது, எடுத்து மறுபடி ராவும். பூட்டு இல்லாம சாவியை மட்டும் வச்சுக்கிட்டு ராவுனா இரும்புத்தூள்தான் மிஞ்சும். நீ மாடியில ராவுறது அதைத்தான்.

1973 மே மாசம் நம்ம தொகுதியில இடைத்தேர்தல் வந்துச்சு. எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பிச்சு ஒரு வருசம்கூட ஆகல. இரட்டை இலையில மாயத்தேவர் நின்னு ஜெயிச்சாரு, ஆளுங்கட்சி மூணாவது எடத்துக்குப் போயிருச்சு. பெரிய தலைகளை எல்லாரும் பாத்தாய்ங்க. நான் பாத்தது பேரு தெரியாத சின்னப் பேச்சாளர்களை. எல்லாக் கட்சியிலயும் இருந்தாய்ங்க. காலையில ஒரு ஊரு ஆலமரத்தடியில நின்னு தொண்டையைச் செருமிச் செருமித் தடுமாறுவான். ஜீப்பு பின்னாடியே நானும் சைக்கிள்ல போவேன், சோலியத்தவன்தானே. அதே பய, அதே பேச்சு, ராத்திரி நாலாவது ஊர்ல பேசுறப்ப சோறு வடிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைக கரண்டியோட வாசலுக்கு வந்து நிக்கும். காலையில கேட்ட ஊர்க்காரனுக்குத்தான் நட்டம்.

அதனால உன் மொத ஊரு திருவிழா மேடையா இருக்கக் கூடாது. நாலாவது, அஞ்சாவது ஊரா இருக்கணும். நாளையில இருந்து காலையில டீக்கடைக்குப் போ. பேப்பரை எடுத்து ஒரு சேதியைச் சத்தமாப் படிக்காத, அதை அவய்ங்களே பண்ணிக்குவாய்ங்க. படிச்சுட்டு மடிச்சு வச்சுட்டு, உன் வாயால சொல்லு. எந்த எடத்துல வடையை எடுக்கத் திரும்புறாய்ங்கன்னு பாத்து வச்சுக்க. அன்னைக்குச் சாயங்காலம் அதே சேதியை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில சொல்லு, வடைக்குத் திரும்புன எடத்தை வெட்டிட்டு. ராத்திரி உங்கப்பத்தாகிட்ட சொல்லு. அவ தூங்காம கேட்டான்னா நீ எந்த மேடையிலயும் பொழைச்சுக்குவ.

மேடைக்குன்னு நாலு விசயம். மெல்லிசுத் தாளைக் கையில பிடிக்காத, உன் கை நடுங்குறதை அது கடைசி வரிசை வரைக்கும் காட்டிக்குடுத்துரும். கல்யாணப் பத்திரிகை அட்டையோட பின்பக்கம் எழுதிக்க, அது தடியா நிக்கும். மொத ரெண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருப் பண்ணு. நடுவுல உள்ளதை நெட்டுருப் பண்ணுனா, ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் மிச்சம் பூராம் சேந்து போயிரும். ஆரம்பத்துல நெஞ்சு அடிக்கும், வாயி வறளும். வறண்டா வறளட்டும், அந்த ரெண்டு வாக்கியம் தானா வந்துரும், அதுக்குள்ள மூச்சு எறங்கிரும். மைக்கைத் தட்டிப் பாக்காத, ஊதிப் பாக்காத. மைக்செட்டுப் பையன் அதைக் கொழந்தை கணக்கா வளக்குறான். உன்கிட்ட இருக்குற நல்ல வேடிக்கை எதுவோ, அதை எடுத்தவொடனே கொட்டிறாத. கூடை மேல ஒரு தட்டுத் தட்டிட்டு மூட்டுவலிக்குப் போயிரு. நடுவர் மணி அடிக்க கையைத் தூக்குறப்ப மூடியைத் தொற.

அப்புறம் இந்த "அவர்களே." தலைமை தாங்கும் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே, ஒலிபெருக்கி உரிமையாளர் அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களேன்னு நீ ஒரு மைல் நீளத்துக்குப் போடுற. சனம் உனக்குக் குடுக்குற பொறுமையே கொஞ்சந்தான். அதை மாலை போட்டவனுக்கே செலவழிச்சுட்டா பேச்சுக்கு எங்கடா போவ? நடுவருக்கு ஒரு கும்பிடு, சனத்துக்கு ஒரு கும்பிடு, பேச்சுக்குள்ள எறங்கிரு.

இன்னொரு மேடை இருக்கு, நோட்டீசு இல்லாத மேடை. கிராம சபை. முன்னாடி வருசத்துக்கு நாலு தடவைதான் கூடும், 2022-ல இருந்து ஆறு தடவை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சமுக்காளம் விரிச்சிருப்பாய்ங்க, டீ குடுப்பாய்ங்க, தீர்மான நோட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு வாயே தொறக்காம எந்திரிச்சு வந்துருவோம். நானும் அப்படித்தான் வந்திருக்கேன், எனக்குத் தொழில் பழக்கம். வைகாசிக்கு முன்னாடி மே 1 வருதுல்ல? அன்னைக்கு நீ எந்திரிக்கிற. நம்ம தெருக் கொழாயில தண்ணி எப்ப வருது, எம்புட்டு நேரம் வருது, மேலத்தெருவுல எம்புட்டு நேரம் வருதுன்னு கேக்குற. ரெண்டே நிமிசம். தலைவரு உனக்குப் பெரியப்பா முறை வேணும், அவரு மொறைப்பாரு. கிளார்க்கு குனிஞ்சு நோட்டுல எதையோ எழுதுறாப்புல நடிப்பாரு. மேலத்தெருக்காரய்ங்க நடுவுல பூந்து கத்துவாய்ங்க. கத்தட்டும், நீ நிறுத்திட்டு நில்லு, அவய்ங்க அடங்குனதும் விட்ட எடத்துல இருந்து ஆரம்பி. அதைத் தாண்டிட்டன்னா எதிரணித் தலைவரெல்லாம் உனக்கு எம்மாத்திரம்? கேள்வி தீர்மானத்துல ஏறுச்சான்னு நோட்டை வாங்கிப் பாத்துட்டு வா.

எனக்கும் சேத்துக் கேட்டுரு. இங்கன ரெண்டு வாரமாத் தண்ணி வரல.